காரணம் மேடம்

இராணுவக் கொள்முதல் அலுவலகத்தில் எனக்கு ஆகாதவர்கள் யார் யார் என்று எண்ணத் தொடங்கினால், வாசல் காவலாளி முதல் டைரக்டர் வரை எல்லோரையும் சேர்க்க வேண்டிவரும். அங்கே என் பெயர் 'ஸ்டேக்காரர்'. மடக்குக் கட்டில், கூடாரக் கம்பம், அடிபட்டவர்களைத் தூக்கிச் செல்லும் ஸ்ட்ரெச்சர் என்று இரும்புக் குழாயை வளைத்துச் செய்கிற சாமான்கள் எங்கள் பட்டறையில் தயாராகும். டெண்டர் கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். கிடைக்காவிட்டால் முறையீட்டு ஆணையத்தில் ஆட்சேபணை மனு போடுவேன். முடிவு வெளியான பத்து நாளுக்குள் மனு விழுந்துவிட்டால் ஒப்பந்தம் தானாக 'ஸ்டே' ஆகி நின்றுவிடும். ஆணையம் தீர்ப்புச் சொல்லும்வரை, நூறு நாள் வரைக்கும்கூட, ஜெயித்தவன் ஒரு ஆணி அடிக்க முடியாது. சட்டம் அப்படி. நான் எழுதிய சட்டமல்ல.

ஏழு முறை போட்டிருக்கிறேன். ஆறு மனுக்களைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இன்னொரு தடவை அதே நிலைமை வந்தால் அதே வேகத்தில் போடுவேன். ஏழாவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதப்போனால் அது என் கதையாக இல்லை. அந்த அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேஜையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஓர் அம்மாவின் கதையாக இருக்கிறது.

சப்ளையர்கள் எல்லோரும் அவரைக் 'காரணம் மேடம்' என்று சொல்வோம். தட்டச்சராகச் சேர்ந்து, தேர்வெழுதி மேலே வந்து, டெண்டர் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனவர். நல்ல உயரம். எப்போதும் ஒரே மாதிரி நீலப் பேனா, ஒரே மாதிரி பருத்திச் சேலை, கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். கணவர் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஒரே மகள், வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சிரிப்பதும் கொஞ்சம்தான், ஆனால் சிரிக்கவைத்துவிடுவார்.

அவருக்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்போதெல்லாம் தோற்றவனுக்கு ஒரே வரியில் கடிதம் வரும். 'தங்கள் ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படவில்லை என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.' அவ்வளவுதான். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு மாதிரி செய்து, லாரி பிடித்து அனுப்பி, கடைசியில் கையில் வருவது ஒரு வரி. காரணம் தெரியாமல் தோற்றவன் சும்மா இருப்பானா? தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்வான். டைரக்டர் எவனிடமோ வாங்கிவிட்டார், ஜெயித்தவன் மேஜருக்கு மாமன் மகன், நம் மாதிரியை வேண்டுமென்றே மழையில் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் தூங்காமல் கிடந்தால் இதெல்லாம் கண்ணால் பார்த்தது மாதிரி ஆகிவிடும். மூன்றாம் நாள் வக்கீல் வீட்டு வாசலில் நிற்பான். அந்த அலுவலகத்தின் மேல் வருடத்துக்குப் பத்தொன்பது, இருபது ஆட்சேபணை மனுக்கள் விழுந்தன. முகாம்களில் பூட்ஸுக்கும் போர்வைக்கும் ஆள் காத்துக்கிடந்தார்கள்.

காரணம் மேடம் பொறுப்புக்கு வந்ததும் செய்த முதல் காரியம், அந்தக் கடிதத்தில் இரண்டாவது வரி ஒன்றைச் சேர்த்ததுதான். 'விவரம் அறிய விரும்பினால் நேரில் வரவும்.' நான் அந்த வரியைப் படிக்கவில்லை. முதல் வரியைப் படித்ததும் கண் சிவந்து, நேராக மாடியேறிப் போய் அவர் மேஜையைத் தட்டினேன்.

"உக்காருங்க சார். தண்ணி குடிங்க. கத்துறதா இருந்தா அப்புறம் கத்தலாம்" என்றார்.

"எனக்குக் காரணம் வேணும்."

"அதைச் சொல்லத்தானே வரச் சொல்லி எழுதியிருக்கோம்."

என் மடக்குக் கட்டிலின் மதிப்பெண் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அதுவரை எந்த அலுவலகத்திலும் என்னைப் பற்றி எழுதியதை என்னிடமே யாரும் காட்டியதில்லை.

"எடை ஏத்தி நாப்பத்தெட்டு மணி நேரம் வைக்கணும். உங்க கட்டில் நாப்பது மணி நேரம் தாங்கிச்சு. நாப்பத்தொண்ணாவது மணியில மூணாவது கால்ல ரிவெட் கழண்டுருச்சு. போட்டோ இருக்கு, பாருங்க."

பார்த்தேன். என் ரிவெட்தான், கழன்றுதான் இருந்தது. அந்த வேலையைப் பார்த்தவன் எவன் என்பதுகூடத் தெரிந்தது. பட்டறைக்கு வந்து அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன். அந்த முறை நான் மனு போடவில்லை. போட என்ன இருக்கிறது?

இப்படி ஒவ்வொன்றாகச் செய்தார். டெண்டர் நோட்டீஸை அச்சுக்கு அனுப்பும் முன் வரைவாக எங்கள் எல்லோருக்கும் கொடுத்து, எங்கே இடிக்கிறது என்று கேட்டார். கூடாரத் துணிக்குப் போட்டிருந்த அகலம் ஒரே ஒரு கம்பெனியின் தறியில்தான் வரும் என்று ஒருவர் எழுந்து சொன்னபோது, அங்கேயே அந்த வரியை அடித்தார். முன்பெல்லாம் டெண்டர் முடிந்த பிறகு ஆணையத்தில் நூறு நாள் இழுக்கிற விஷயம், வாய்வார்த்தையாகப் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் எல்லோருக்கும் போகும். எந்த அம்சத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பது நோட்டீஸிலேயே இருக்கும், பிறகு மாறாது.

மதிப்பெண் போடும் மேஜர் ஒருவர் இருந்தார். 'திருப்திகரமாக இல்லை' என்று எழுதுவதில் அவருக்குத் தனி இன்பம். மேடம் அந்தத் தாள்களையெல்லாம் திருப்பி அனுப்பினார்.

"என்னம்மா, நான் எழுதினது புரியலையா?" என்று மேஜர் இறங்கி வந்தே கேட்டாராம்.

"புரியுது சார். தோத்தவருக்குப் புரியாது. எங்க கிழிஞ்சுது, எத்தனை விரல் நீளம், எந்த சோதனையில, அதை மட்டும் எழுதிக் குடுங்க. திருப்தி உங்களோடது, அதை நான் அவர்கிட்ட எடுத்துட்டுப் போக முடியாது."

மேஜர் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். ஆறு வருடத்தில் மனுக்கள் வருடத்துக்கு இரண்டாகக் குறைந்தன. அந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் நான் போட்டது. குணம் உடனே மாறுமா என்ன?

எதற்கும் காரணம் சொல்லியே தீருகிற இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். பெரிய கதை ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார். யாராவது எங்கிட்ட முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேட்டுட்டே இருப்பேன். எங்கம்மாவுக்கே எரிச்சலா வரும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு இடம் பேசி வந்தாங்க. அப்புறம் சரிப்பட்டு வராதுன்னு சொல்லிவிட்டாங்க. நான் நேரா அவங்க வீட்டுக்கே போயிட்டேன், ஏன்னு கேட்டுட்டு வரலாம்னு."

"அடப்பாவமே. என்ன சொன்னாங்க?"

"பையனைவிட நான் உயரமாம். அளந்து பாத்தோம், ரெண்டு விரல்கட்டை உயரம்தான். சரிங்க, நியாயமான காரணம்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்."

இதைச் சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்டத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இனி ஸ்ட்ரெச்சர் டெண்டருக்கு வருகிறேன். மலை முகாம்களுக்கு ஆறு வருடமாக எங்கள் ஸ்ட்ரெச்சர்தான் போய்க்கொண்டிருந்தது. உறுதியானது, ஆனால் கனம். பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தூக்கிக்கொண்டு மலையிறங்குகிறவர்கள் எழுதி எழுதிக் கேட்டதால் புது டெண்டர் வந்தது. விலை வரம்புக்குள் இருந்து, பளு சோதனையிலும் தேறியவற்றில் எது எடை குறைவோ அதுவே வெல்லும் என்று நோட்டீஸிலேயே தெளிவாக இருந்தது. பத்து கிலோவுக்கு மேல் போனால் பார்க்கவே மாட்டார்கள். நான் குழாயை மாற்றினேன், துணியை மாற்றினேன், எவ்வளவு முக்கியும் ஒன்பது கிலோ நூறு கிராமுக்குக் கீழே இறங்கவில்லை. அலுமினியம் வளைக்க என்னிடம் இயந்திரம் இல்லை. ஆனாலும் போட்டேன். போட்டிக்கு வருகிறவன் என்ன கொண்டுவருவான் என்று யாருக்குத் தெரியும்?

கடைசி நாள், பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டியைப் பூட்டுவார்கள். நான் எப்போதுமே கடைசி கால் மணி நேரத்தில்தான் கவரைப் போடுவேன். காலையிலேயே போட்டால் யாராவது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிடுவார்கள் என்ற சந்தேகம் எனக்கு. அன்றைக்கு வழக்கத்தைவிட நாலைந்து நிமிடம் பிந்தித்தான் போனேன். மாடியேறிப் போய் நின்றால், பெட்டி பூட்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி இரண்டு நிமிடம்.

"என் வாட்ச்ல இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு மேடம்."

"லேட்டா வர்ற எல்லார் வாட்ச்லயும் ஆறு நிமிஷம் இருக்கும் சார். ஆபீஸ் கடிகாரம்தான் கணக்குன்னு நோட்டீஸ்ல இருக்கு" என்றார். கவரின் மேல் 'தாமதம், 3.02' என்று முத்திரை குத்தி, பிரிக்காமல் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் கத்தினேன். அவர் கத்தவிட்டார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஜெயித்தது ஓர் இளவட்டத்தின் புதுக் கம்பெனி. அலுமினியம். அறிவிப்புப் பலகையில் எடையும் போட்டிருந்தார்கள்: ஆறு கிலோ ஐந்நூறு கிராம். பலகை முன்னால் நின்று அதை இரண்டு தடவை படித்தேன்.

மூன்றாம் நாள் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். விளக்கம் சொல்ல என்ன இருக்கிறது, தாமதம் என்றுதானே தள்ளினார்கள் என்று எரிச்சலோடு போனேன். மேஜை மேல் வாசல் காவலாளியின் வருகைப் பதிவேடு விரித்திருந்தது.

"நீங்க கேட்டுக்குள்ள வந்தது ரெண்டு அம்பத்தொண்ணுன்னு இதுல இருக்கு. இங்க வந்து நின்னது மூணு ரெண்டு. ரெண்டு மாடி ஏற பதினொரு நிமிஷமா? உங்க முழங்கால் வலிக்குக்கூட அது அதிகம்" என்றார். "நேத்து நானே நடந்து பாத்தேன். மெதுவா வந்தாலும் மூணு நிமிஷம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்க கடிகாரம் எட்டு நிமிஷம் ஃபாஸ்ட் சார்."

நடந்தது இதுதான். ஊழியர்களை ஏற்றிப்போகும் அலுவலக பஸ் சாயங்காலம் ஐந்து பத்துக்குக் கிளம்பும். அதை விட்டால் வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். யாரும் தவறவிடக் கூடாது என்று பியூன் பல வருடத்துக்கு முன்னால் சுவர்க் கடிகாரத்தை எட்டு நிமிடம் தள்ளிவைத்தார். பெரிய அதிகாரி உட்பட எல்லோருக்கும் அது தெரியும், எல்லோருக்கும் அது வசதி. மனதுக்குள் எட்டைக் கழித்துக்கொண்டு காபி குடிப்பார்கள், பஸ் பிடிப்பார்கள். டெண்டர் பெட்டியைப் பூட்டும்போது மட்டும் யாருக்கும் கழிக்கத் தோன்றவில்லை. மேடத்துக்கும் தோன்றவில்லை.

"பன்னெண்டு வருஷமா அந்தக் கடிகாரத்தைப் பாத்துத்தான் பூட்டியிருக்கேன்" என்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது, கைதான் பதிவேட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தது. "உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரை லேட்டுன்னு திருப்பியிருக்கேன். ரெண்டு பேருக்கும் கடிதம் எழுதிட்டேன். ஒருத்தர் கம்பெனியே இப்ப இல்ல."

"ஆபீஸ் கடிகாரம்தான் கணக்குன்னு நோட்டீஸ்ல இருக்கே மேடம்" என்றேன், குத்தலாக.

"டைரக்டரும் அதைத்தான் சொல்றார். கடிகாரம் சரியா ஓடும்னு நம்பி எழுதின வரி அது. அதுக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சுக்க முடியாது."

கடிகாரம் தவறு என்று தான் எழுதிவைத்த குறிப்பின் நகலை என்னிடம் கொடுத்தார். பிறகு என்ன செய்யப்போகிறார் என்று விளக்கினார். என் கவரைப் பிரித்து, மாதிரியை வாங்கி, மற்றவர்களுக்குச் செய்த அதே சோதனைகளை எனக்கும் செய்ய எட்டு நாள் வேண்டும். நான் ஜெயித்தால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக டைரக்டரிடம் கையெழுத்து வாங்கிவைத்திருந்தார். அதற்கு அவர் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு சிக்கல். எட்டு நாள் ஆனால் முடிவு வந்து பதினோராவது நாள் ஆகிவிடும். அதற்கப்புறம் நான் மனு போட்டால் ஒப்பந்தம் நிற்காது.

"பத்து நாளை நீட்டிக்க எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க இப்பவே ஆட்சேபணை போட்டா, உங்க கவரை நான் தொடக்கூட முடியாது, அப்படியே ஆணையத்துக்குப் போயிரும். எல்லாம் நின்னுரும். எட்டு நாள் எங்களை நம்பச் சொல்றேன். அது பெரிய கேள்விதான், ஒத்துக்கறேன்." பதிவேட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னார். "கவருக்குள்ள என்ன எடை எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் கூடாது. உங்களுக்குத் தெரியும். அதை யோசிச்சு முடிவு பண்ணுங்க."

அவர் சொன்னதை அப்போதே நான் புரிந்துகொண்டேன். புரியவில்லை என்று இன்றைக்கு நடிக்க மாட்டேன். என் கவரில் ஒன்பது கிலோ நூறு இருந்தது. பலகையில் ஆறு கிலோ ஐந்நூறு இருந்தது. கடிகாரம் சரியாக ஓடியிருந்தாலும் நான் தோற்றவன்தான்.

வீட்டுக்குப் போனபோது என் மச்சினன் வந்திருந்தான். அவன்தான் எங்கள் வக்கீல். கடிகார விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் விளக்கு எரிந்தது.

"மாமா, எழுத்துல ஒத்துக்கிட்டாங்களா? இதைவிட நல்ல கேஸ் நமக்குக் கிடைக்காது. நாளைக்கே போட்டுருவோம். நூறு நாள் நிக்கும். அதுவரைக்கும் முகாமுக்கு ஸ்ட்ரெச்சர் வேணும்ல, பழைய சப்ளையர்கிட்டதான் வாங்கணும். பழைய சப்ளையர் யாரு?"

நான்தான். பட்டறையில் நாற்பது பேர் இருந்தார்கள், வேலை மெலிந்துகொண்டே வந்தது. நூறு நாள் என்பது அப்போது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை.

என் மனைவி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "என்னங்க, நம்மளோடது எத்தனை கிலோ?" என்றாள்.

"உனக்கு எதுக்கு அது?"

"சும்மா கேட்டேன்."

"கேஸு கடிகாரத்தைப் பத்தி. எடையைப் பத்தி இல்ல" என்று எரிந்து விழுந்தேன். அவள் அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசியிருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன். அது என் பழியை அவள் தலையில் வைக்கப் பார்க்கிற புத்தி என்பதும் எனக்குத் தெரிகிறது.

மனு போட்டோம். மேடம் எழுதிவைத்த குறிப்பையே முதல் சாட்சியமாக இணைத்தோம். ஒப்பந்தம் நின்றது. எங்கள் பழைய ஸ்ட்ரெச்சருக்கே இடைக்கால ஆர்டர் வந்தது, பட்டறையில் மறுபடி சத்தம் கேட்டது. மேடத்துக்கு, தவறுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

ஆணையத்தில் கடைசி விசாரணை தொண்ணூற்றாறாவது நாள் நடந்தது. இராணுவத் தரப்பு வக்கீல் எழுந்து ஒரு முகாமின் அறிக்கையைப் படித்தார். மனு நிலுவையில் இருந்த அறுபத்தோராவது நாள், மழையில் பாறை சரிந்து முகாமின் சமையற்காரர் ஒருவரின் கால்மேல் விழுந்திருக்கிறது. நான்கு பேர் அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து மலையிறக்கினார்கள். இரண்டரை மணி நேர வழி. ஐந்து மணி நேரம் ஆகியிருக்கிறது. கனம் தாங்காமல் பதினொரு இடத்தில் இறக்கிவைத்ததாக எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்பதைச் சொல்ல இயலாது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"இதுக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை" என்று என் மச்சினன் ஆட்சேபித்தான். ஆணையத் தலைவர் ஒப்புக்கொண்டு, அறிக்கையைப் பதிவிலிருந்து நீக்கச் சொன்னார். பதிவிலிருந்து நீக்கினார்கள். அது யாருடைய ஸ்ட்ரெச்சர் என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

பிறகு தலைவர் என் கவரைப் பிரித்தார். எடையைச் சத்தமாகப் படித்தார். ஒன்பது கிலோ நூறு கிராம். மேடம் சாட்சிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பதிலுக்கு முறைத்திருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவர் பார்வையில் கோபமில்லை. ஒரு விஷயத்தை இப்போதுதான் தெரிந்துகொண்டவர் பார்க்கிற பார்வைதான் அது.

தீர்ப்பு எனக்குச் சாதகம். கடிகாரம் தவறு, முத்திரை செல்லாது, கவரை மதிப்பிட வேண்டும் என்று ஆணையம் சொன்னது. மதிப்பிட்டார்கள். தோற்றேன். நூறு நாளுக்கு முன்னால் ஜெயித்தவனே மறுபடியும் ஜெயித்து அலுமினியத்தை வளைக்கத் தொடங்கினான்.

மேடத்தின் கதையில் மிச்சமிருப்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய பதவி உயர்வு நின்றது. பின்கட்டில் உள்ள பழைய ஃபைல் அறைக்கு மாற்றினார்கள். நான்கு வருடம் அங்கே இருந்து ஓய்வு பெற்றார். அங்கேயும் யாராவது கேட்ட ஃபைல் கிடைக்காவிட்டால், ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பாராம். கடிகாரத்தைத் தள்ளிவைத்த பியூனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதில் எனக்கும் திருப்திதான். இரண்டாம் மாடியில் புதிதாக வந்தவர், தப்பு நடந்தால் தோற்றவனுக்கு முதலில் சொல்லக் கூடாது, வக்கீலுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்கு உதாரணமாக என் வழக்கைத்தான் காட்டினாராம். மனுக்கள் மறுபடி ஏறின, போன வருடம் பதினான்கு. இதை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. பட்டறையில் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில்தான் செய்கிறோம்.

பின்கட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்து, அந்த ஜன்னலோர மேஜையை விட்டுப் போக இரண்டு நாள் இருக்கும்போது, மேடத்திடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அதே இரண்டு வரி. விவரம் அறிய விரும்பினால் நேரில் வரவும். போக வேண்டாம் என்று காலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, மத்தியானம் போனேன்.

"வாங்க சார், உக்காருங்க" என்றார். மதிப்பெண் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். வரிசையாகச் சொன்னார், ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. பளு சோதனை, தேறியது. துணி, தேறியது. விலை, வரம்புக்குள். "தையல் போன தடவையைவிட ரொம்ப நல்லா இருக்கு. சோதிச்சவங்க தனியா எழுதியிருக்காங்க, பாருங்க." எடை, ஒன்பது கிலோ நூறு. "இங்கதான் போச்சு."

அரை மணி நேரம் ஆனது. சமையற்காரரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வரியாக முடிந்துகொண்டே போனது, திட்டு வரவில்லை. தாளின் அடியில் ஒரு கட்டம் இருந்தது.

"நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம் சார். எழுதச் சொன்னா எழுதுவேன். எழுதினா ஒரு நகல் ஆணையத்துக்கும் போகும்."

"எடை எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "பலகையைப் பாத்த அன்னைக்கே தெரியும். தோத்துட்டேன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

"செஞ்சவருக்குத் தெரியாம இருக்குமா" என்றார். பிறகு நீலப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "இதை எழுதட்டுமா?"

எழுதினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தோற்போம் என்று தெரிந்தே ஒப்பந்தத்தை நிறுத்தியவனுக்கு மூன்று வருடம் டெண்டர் போடத் தடை. நாற்பது பேரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் நினைத்தது என் பெயரை மட்டும்தான். அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"வேண்டாம் மேடம்" என்றேன்.

"சரி சார்."

அந்தக் கட்டத்தில் 'பதிவு செய்யக் கோரியது: ஒன்றுமில்லை' என்று எழுதினார். தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். போட்டேன்.